மற்றவை

படிவத்தில் முதல் கட்டம் யானைக்கு.
அடுத்தது பன்றிக்கு.
குரங்கும் மயிலும் ஒரே கட்டத்தில் நெருங்கி இருக்கும்.
அதற்குக் கீழே ஒரு விரலகலம் வெள்ளை;
ஓரத்தில், மற்றவை, குறிப்பிடுக.

அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்
சாகாமத்து வன்னமணி.
குடையிலிருந்து
கமநல நிலையத்துச் சீமெந்தில்
மாரித்தண்ணீர் சொட்டிற்று.

"மான் புள்ள."
"மானா அக்கா?"
"புள்ளிமான். அரை ஏக்கர் கௌபி."

பின்மேசையில் சிவபாதம் சிரித்தார்:
"மானுக்கும் நட்டஈடு எண்டா
நாளைக்கு முயலுக்கும் கேப்பாங்க."

எனக்கும் சிரிப்பு வந்ததுதான்.
யானை வந்தால் சுவர் சரியும், ஆள் சாகும்,
வெள்ளை வாகனத்தில் யாராவது வந்து
படம் எடுத்துப் போவார்கள்.
மான் அப்படியா?
பொத்துவில் பஸ்ஸில் போகிறவர்கள்
யன்னலால் ஒருதரம் பார்த்துவிட்டு
மறுபடி போனுக்குக் குனிகிற அளவு மலிவு.
அது வேலி உடைப்பதில்லை.
யானைக்கென்று இழுத்த மின்கம்பிக்குக் கீழால்
கொம்பைச் சாய்த்து நுழைந்து
கொழுந்தை மட்டும் கிள்ளும்.
விடிந்தால்
தலையில்லாத தண்டுகள்
வரிசை குலையாமல் பனியில் நிற்கும்.

ஆதாரம் கேட்டேன். கேட்கத்தான் வேண்டும்.
கீறல் விழுந்த போனை நீட்டினாள்.
இருட்டு.
இருட்டு.
இருட்டில் இரண்டு பச்சைப் பொட்டு.
அடுத்ததில் அதுவும் இல்லை,
இழுபட்ட சுண்ணாம்பு போல ஒரு வெள்ளை.
"இது என்னது?"
"வால் புள்ள. ஓடக்குள்ள தூக்கும்."

வியாழன், மழை விட்ட பின்நேரம்,
குளக்கட்டால் ஸ்கூட்டியில் போனேன்.
சேற்றில் குளம்படிகள்,
இரண்டாய்ப் பிளந்த விதைகளை
யாரோ விதைத்துவிட்டு மூட மறந்தது மாதிரி.
வீரை மரத்தடியில் இருவரும் குந்தினோம்.
வந்ததை நான் காணவில்லை.
மேய்வதைத்தான் கண்டேன்.

எண்ணினேன். ஐந்து.
திரும்ப எண்ணினேன். எட்டு.
முதுகுப் புள்ளியும்
இலைக்குள்ளால் விழுந்த வெயிலும்
ஒன்றுக்குள் ஒன்று போய்
ஒரு மான் இரண்டாகி, மூன்று புதராகி,
புதர் காதை அசைத்தது.

"தகரத்தைத் தட்டுங்களேன்" என்றேன்.
மடியில் தடியை வைத்துக்கொண்டு
அவள் தட்டாமலே இருந்தாள்.
"நிக்கக்குள்ள எண்ண ஏலாது புள்ள.
போகக்குள்ளதான் கணக்குத் தெரியும்."

பிறகு, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல்,
"அவரையும் நான் அப்பிடித்தான் வடிவாப் பாத்த.
தொண்ணூறாம் ஆண்டு. வெள்ளைச் சேட்டு.
கச்சேரிப் படிவத்திலயும் அதைத்தான் எழுதின."

ஒரு தட்டு.

பெரியது முன்னங்காலால் நிலத்தை உதைத்தது.
சீழ்க்கை போல ஒரு சத்தம்.
அதன்பின் காடு முழுக்க
வெள்ளை, வெள்ளை, வெள்ளை,
எண்ண எண்ணத் தெளிவாய்,
பதினொன்று.
பிந்தி ஓடிய குட்டியோடு பன்னிரண்டு.

கந்தோரில் எழுதினேன்:
மற்றவை — மான்.
எண்ணிக்கை — 12.
எண்ணிய விதம் எழுதக் கட்டம் இல்லை;
ஓரத்தில் பென்சிலால்,
போகும்போது.

"காசு வருமா?" சிவபாதம் கேட்டார்.
"வராது" என்றேன்.
அவர் இந்தமுறை சிரிக்கவில்லை,
முத்திரையை என் பக்கம் தள்ளிவைத்தார்.

இரவு பத்தரைக்குப் போன் அடித்தது.
தவளைச் சத்தம், அதற்குள் அவள் மூச்சு:
"பதின்மூண்டு புள்ள.
மாத்தி எழுது."